பைன் வாசம் விற்றவர்

என் அக்காவின் கணவர் முப்பது வருஷம் தரை துடைக்கும் மருந்து விற்றவர். பச்சை பாட்டில், மேலே ஊசியிலை மரத்தின் படம், மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் பைன் வாசம். அதை மருந்து என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "காட்டை பாட்டில்ல அடைச்சு விக்கிறேன்" என்பார். வாழ்நாளில் ஒரு காட்டுக்குள் கால் வைத்தவர் இல்லை. அந்த வாசம் தொழிற்சாலைக்குப் பீப்பாயில் வந்து இறங்கும் செயற்கைச் சரக்கு என்று பாட்டிலின் பின்பக்கமே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. தான் விற்கிற பொருளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மரியாதை கொடுக்கக் காசா பணமா.

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன்பே தலையைத் தூக்கி ஒரு இழுப்பு இழுப்பார். "கிருமி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். அக்காவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்று, அவள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டிலருகே நான் மட்டும்தான் இருந்தேன். அத்தான் வராந்தாவில் நர்ஸை நிறுத்தி வைத்து, "எந்தக் கம்பெனி சரக்கு போட்டுத் தொடைக்கிறீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆஸ்பத்திரியில் ஆறு பெட்டிக்கு ஆர்டர் வாங்கிவிட்டார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது எந்த ஆபரேஷனைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் மரச் சோதனைக்கூடத்தில் உதவியாளர். பைன் மரத்தைச் சின்னக் கட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் துளை போட்டு, மரம் குடையும் நீளமீசை வண்டின் புழுவை உள்ளே விட்டு அடைத்து, தேதி எழுதி, சூடான அறையில் அடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டையைப் பிளந்து புழுவை எடை போட வேண்டும். எந்தக் கட்டையில் கொழுக்கிறது, எதில் வாடுகிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். அத்தான் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "எங்க கொழுந்தியா. கவர்மென்ட்ல புழுவுக்குச் சோறு போடுற உத்தியோகம்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

வீடு கட்டினார். கீழ்த்தளம் செங்கல், மாடி முழுக்க மரம், அதற்கு மேல் சரிவுக் கூரை. மரம் எடுக்க மரவாடிக்குப் போன நாளில் அக்கா என்னையும் கூட்டிப் போனாள். "உனக்குத்தான் மரம் தெரியுமே, கூட வாடி" என்றாள்.

மரவாடியில் இரண்டு அடுக்கு இருந்தது. ஒன்று மரத்தின் நடுப்பகுதியில் அறுத்தது. செம்பழுப்பு நிறம், வைரம் பாய்ந்தது, சூளை அறையில் நன்றாகக் காய வைத்தது. வாசம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. மற்றது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. அந்த வாரம்தான் அறுத்தது. பால் வெள்ளை. பத்தடி தள்ளி நின்றாலே வாசம் வந்து மோதியது.

அத்தான் ஒவ்வொரு பலகையாகக் குனிந்து மோந்துகொண்டே போனார். வெள்ளை அடுக்கின் முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டார்.

"அத்தான், அந்தச் செவப்புக் கட்டையே எடுங்க" என்றேன்.

"அதுல வாசமே இல்லையேம்மா. செத்த கட்டை."

"வாசம் இருக்கறதுதான் வம்பு. அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பொட்டை வண்டு முட்டையிட வரும். வெள்ளைக் கட்டையில சத்தும் ஜாஸ்தி. புழுவுக்கு நல்ல தீனி. வைரத்துல இருக்கற சரக்கு அதுக்கு ஒத்துக்காது, தின்னாலும் வளராது. நான் எடை போட்டுப் பாத்துதான் சொல்றேன்."

அத்தான் மரவாடிக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா கதையை? பதினெட்டு வருஷமா, பைன் வாசத்துல பூச்சி சாகும்னு ஊரு பூரா வித்துக்கிட்டு இருக்கேன். இவ என்னடான்னா அதே வாசத்துக்குப் பூச்சி விருந்துக்கு வருதுங்கறா."

மரவாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளைச் சரக்கை எப்படியாவது தள்ளிவிட வேண்டிய அவசரம் அவருக்கு. சிரிக்காமல் என்ன செய்வார். அக்கா என் முழங்கையைத் தொட்டு, "விடுடி" என்றாள்.

"சரிங்க அத்தான், உங்க இஷ்டம்" என்றேன். அன்றோடு அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

குடி போன பிறகு வந்தவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய், சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்க்கச் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள் வரிசையில் நின்று பலகையை மோந்தார்கள். கோடையில் மாடி ஜன்னல்களை அகலத் திறந்து வைப்பார். "நம்ம வீட்டு வாசம் தெருவுக்கே ஆரோக்கியம்" என்பார். வருஷம் ஒருமுறை உத்தரத்துக்கெல்லாம் டர்பன்டைன் தடவினார். மரத்துக்கு டானிக்காம்.

அவர்கள் குடி போன முதல் கோடையில் எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. பைன் வாசத்தின் சாரத்தைத் தடவிய காகிதப் பட்டை ஒன்று, வெறும் பட்டை ஒன்று. பெண் வண்டு வெறும் பட்டையைச் சீந்தவில்லை. வாசம் தடவியதன் மேல் ஏறி, வயிற்று நுனியிலிருந்து முட்டைக்குழலை நீட்டி, ஓரத்தில் இடுக்கு கிடைக்குமா என்று செருகிச் செருகிப் பார்த்தது. புழுவின் எச்சத்தையும் கொஞ்சம் சேர்த்து வைத்தால் இன்னும் பரபரத்தது. தன் இனம் பிழைத்த இடம் என்று அதற்குப் புரிகிறதோ என்னவோ. கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்து, டர்பன்டைன் தடவி, அத்தான் ஊர் வண்டுகளுக்கெல்லாம் அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கோடையில் அக்கா வீட்டு மாடி ஜன்னல் கட்டையில் ஒரு வண்டைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, மேலே சாம்பல் ரோமம், கழுத்துப் பட்டையில் கண் மாதிரி இரண்டு பளபளப்பான மேடு. தினமும் பார்க்கிற முகம், மறக்குமா. கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டேன். அத்தான் அப்போது கீழே பக்கத்து வீட்டுக்காரரிடம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் எதைச் சாப்பிட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெண்தான். வயிற்றில் முட்டை மிச்சம் இல்லை. இட வேண்டிய இடத்தில் இட்டாயிற்று.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை சொன்னதற்கு மரவாடியே சிரித்தது, இன்னொரு முறை எதற்கு என்று நினைத்தேன். இவருக்குச் சொல்வதைவிடச் சுவருக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது. பிறகு அங்கே போகும்போதெல்லாம், டீயைக் குடித்துக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்து, புழு இப்போது இவ்வளவு இருக்கும், இந்த வருஷம் இத்தனை மில்லிகிராம் ஏறியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். அத்தான் பேசிக்கொண்டே இருப்பார். பேசட்டும், பேசட்டும் என்று இருப்பேன்.

அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பாள். மாடி அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று மெஷினை அங்கேதான் போட்டிருந்தாள். ஏழாவது கோடையில், மத்தியான வெயில் கூரையில் ஏறிய நேரத்தில், மெஷினை நிறுத்தினாலும் ஒரு சத்தம் நிற்காமல் வந்தது. நகத்தால் அட்டையைப் பிறாண்டுகிற மாதிரி, விட்டு விட்டு. முதலில் மெஷின்தான் என்று நினைத்து மெக்கானிக்கை வரவழைத்து எண்ணெய் போட்டாள். சத்தம் போகவில்லை. கணவரிடம் சொன்னாள்.

அத்தான் மேலே வந்து பத்து நிமிஷம் நின்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். அவருக்குக் கேட்கவில்லை என்றால் உலகத்தில் அந்தச் சத்தம் இல்லை. தண்ணீர்க் குழாய் என்றார். எலி என்றார். அக்கா விடாமல் சொல்லவே, "உனக்குக் காதுல கோளாறு" என்று முடித்துவிட்டு, அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார். "உங்க மிஸஸுக்குக் காது சின்னப் பிள்ளைங்க காது மாதிரி இருக்கு" என்றார்.

"அதான் டாக்டர் பிரச்னையே. இல்லாததெல்லாம் கேக்குது. அதுக்கு ஏதாவது மருந்து குடுங்க."

"நீங்க ஒரு தடவை உள்ள உக்காருங்களேன்" என்றார் டாக்டர். உட்கார்ந்தார். வலது காதில் பாதிக்கு மேல் போயிருந்தது. மெல்லிய கீச்சு ஒலி எதுவுமே ஏறவில்லை. வெளியே வந்த அத்தான் அக்காவிடம் சொன்னது, "மெஷின் ரிப்பேரு. அந்த ஆளுக்கு அதுகூடத் தெரியலை."

பிறகு அவரே ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். தினமும் காலையில் அக்காவைப் படுக்க வைத்து, இரண்டு காதிலும் விட்டுப் பஞ்சு அடைப்பார். ஆறு வாரம். "உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத, புழு அது இதுன்னு ஆரம்பிச்சிடுவா" என்று ஒரு கட்டளை வேறு. நல்ல காதை வைத்துக்கொண்டு, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று என் அக்கா பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் நான் போனபோது காதில் பஞ்சோடு துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா பஞ்சு?"

முதலில் மழுப்பினாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "மத்தியானம் ஆனா தலைக்குள்ள யாரோ பிறாண்டுற மாதிரி இருக்குடி. நான் சரியாத்தான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

நான் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்டூலில் ஏறி, உத்தரத்தில் வைத்து அழுத்தினேன். ஈர மண்ணில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரை இறங்கியது. மேலே காகித கனத்துக்கு ஒரு தோல் மட்டும்தான் மரமாக இருந்தது. பிடுங்கியதும் மஞ்சள் தூள் கொட்டியது. சீருடைத் துணி, மெஷின், அக்காவின் தலை எல்லாவற்றின் மேலும் கொட்டியது. தூளோடு தூளாகத் தந்த நிறத்தில், மடிப்பு மடிப்பாக, என் சுண்டுவிரல் பாதிக்கு ஒரு புழு விழுந்து நெளிந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் மேலே வந்தார். "என் கட்டையை யாரு குத்தினது?" என்றார். தூளை ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார். "பாரு, என்ன வாசம்! கெட்டுப்போன மரம் இப்படி மணக்குமா?"

நான் புழுவைக் காட்டினேன். அவர் முகம் ஒரு கணம் தொங்கியது. ஒரே ஒரு கணம்தான். பிறகு பழையபடி நிமிர்ந்தது.

"இது உன் ஆபீஸ் புழு. உன் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"இந்த அளவுக்கு வளர வருஷக்கணக்கா ஆகும் அத்தான்."

"அப்ப வருஷக்கணக்கா முன்னாடியே கொண்டு வந்து விட்டிருக்க."

இப்படிப்பட்ட மூளையோடு வாதாட எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் படி இறங்கிப் போனார். பொழுது சாய்வதற்குள், புழு ஆபீஸ் கொழுந்தியா வீட்டுக்குள் பூச்சி கொண்டு வந்த கதை தெருமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் இருவரும் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அக்கா காதிலிருந்து பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் கட்டையில் பார்த்த வண்டைப் பற்றிச் சொன்னேன். கைக்குட்டையில் எடுத்துப் போனதையும் சொன்னேன்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அவருக்குத் தெரியாது. தெரியாதவரைத் திட்டி என்ன ஆகப்போகுது. உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அஞ்சு வருஷம் வந்து, இதுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சிட்டுப் போயிருக்க."

"நான் சொன்னா அவரு கேட்டிருப்பாரா அக்கா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவரை எகத்தாளமாகப் பார்த்துப் பார்த்து, அக்காவையும் அவர் வாங்கிப் போட்ட சாமான்களில் ஒன்றாகக் கணக்கு வைத்திருந்தேன்.

கூரைக்குள் வெந்நீராவி போல அனல் காற்றை அடித்துப் புழுவைக் கொல்லும் ஆட்கள் வந்தார்கள். ஒரு முழு நாள் குழாய் வைத்து ஊதினார்கள். புழு செத்தது, ஆனால் இரண்டு உத்தரமும் ஒரு பக்கத்துக் கூரையும் தேறவில்லை. இடித்துவிட்டு இரும்பு போட்டார்கள். வேலை நடந்த மூன்று வாரமும் அக்கா என் வீட்டுக்கு வரவில்லை. கூடத் தையல் படித்த பழைய சிநேகிதி வீட்டில் போய் இருந்தாள். நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

அத்தான் மட்டும் அங்கேயே இருந்து, அனல் காற்று ஆட்களின் பின்னாலேயே சுற்றி, அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அதன் பலன் ஆறு மாதத்தில் தெரிந்தது. குடியிருப்போர் சங்கத்தில் 'வீட்டு மரமும் வண்டுத் தொல்லையும்' என்று ஒரு கூட்டம். பேச்சாளர் அத்தான். மாதிரிக் கட்டைகள் கொண்டுபோய்க் காட்ட எங்கள் கூடத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆள் நான்.

"வாசம் இருக்கறதுதாங்க வம்பு" என்று ஆரம்பித்தார். வெள்ளைக் கட்டையில் சத்து ஜாஸ்தி, வைரத்துச் சரக்கு புழுவுக்கு ஒத்துக்காது என்று வரிசையாகச் சொன்னார். "என் அனுபவத்துல, என் சொந்த ஆராய்ச்சியில" என்று நடு நடுவே சேர்த்துக்கொண்டார். நான் மரவாடியில் சொன்னது ஒரு சொல் பிசகாமல் வந்தது. ஆக, அன்றைக்குக் காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. கைதட்டல் ஓய்ந்ததும் வெளியே ஒரு மேஜை போட்டு பச்சை பாட்டிலையும் விற்றார். இதுவும் பைன் வாசம்தானே என்று யாரும் கேட்கவில்லை. நாலு பெட்டி போனது.

முன்வரிசையில் அக்கா இருந்தாள். கைதட்டவில்லை. மடியில் ஒரு பாவாடை ஓரத்தை வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து நான் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு நாள் உன் ஆபீசைப் பாக்கணும்" என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

வந்தாள். புழுச் சத்தம் கேட்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. கட்டையில் ஊசியைக் குத்தி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கட்டையில் வைத்தேன். கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "இதேதான்டி. இதே சத்தம்தான்" என்றாள். வைரக் கட்டையில் வைத்தேன். அதில் எப்போதாவது ஒருமுறை சின்னதாக ஒரு கிறுக்கல், பிறகு அமைதி. உள்ளே புழு உயிரோடு இருந்தது, ஆனால் ஒரு வருஷத்தில் அரிசி அளவைத் தாண்டவில்லை. அக்கா நெடுநேரம் மாற்றி மாற்றிக் கேட்டாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது, டீ கொடுக்கவில்லையே என்று குறை சொன்னாள். கொடுத்தேன்.

அத்தானுக்கு இப்போது அறுபத்தாறு வயது. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அறிவு இன்னும் பெருகிவிட்டது. போன வாரம் அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்க போர் போடணும்னு குச்சியை நட்டுக் காமிச்சிட்டு வந்திருக்காரு. நாளைக்கு மெஷின் வருதாம்."

"அங்க தண்ணி இருக்கா?"

"அவங்க கழிவுத் தொட்டி இருக்கு."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்பதான் போய் அந்த வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன். இவரு கோவிச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருக்காரு. கோவிச்சுக்கட்டும். அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.